தம்பியின் கணக்கு

நுகுவாலோஃபா,
பிப்ரவரி 12

அன்புள்ள தம்பி மானசேவுக்கு,

புயல் மாதத்தையும் கடக்க வைத்த ஆண்டவருக்கு நன்றி சொல்லி இதை எழுதுகிறேன். நான் சுகம். மழை வருவதை முழங்கால் மட்டும் முந்திக்கொண்டு சொல்கிறது. நீயும் லவீனியாவும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? செவ்வாய்ப் படகில் மாவும், டின் இறைச்சியும், உன் பள்ளிக்குச் சுண்ணக்கட்டியும் அனுப்பியிருக்கிறேன். சுண்ணக்கட்டிப் பெட்டியின் மேல் படகுக்காரர்கள் உட்கார்ந்து வராமலிருந்தால் முழுசாகக் கிடைக்கும்.

கல்லூரியில் ஒரு பெரிய வேலை தொடங்கியிருக்கிறது. மின்னஞ்சல், பாடப் பக்கங்கள், நூலகம், மதிப்பெண்கள் எல்லாம் இத்தனை காலமும் என் அறையை அடுத்த அறையிலிருக்கும் பழைய சர்வரில்தான் இருந்தன. ஜூலை விடுமுறையில் எல்லாவற்றையும் வெளிநாட்டில் வைத்து நடத்தும் புதிய அமைப்புக்கு மாற்றப்போகிறார்கள். எங்கள் தொழில்நுட்பச் சேவைப் பிரிவில் இப்போது வேறு பேச்சே இல்லை. ஓஃபாவை உனக்குத் தெரியாது. உதவி மேசையில் உட்காரும் பெண், வாய் கொஞ்சம் நீளம். கூட்டத்தில் எழுந்து, "ஏ.சி. நின்னு போனப்பல்லாம் ஆனாசேயினி அக்கா விசிறி எடுத்து அந்த சர்வருக்கு விசிறுனாங்களே, புதுசுக்கு யாரு வெளிநாடு போயி விசிறுவாங்க?" என்று கேட்டாள். எங்கள் தலைவர் டோமாசி சிரித்து அடங்க நேரமாயிற்று.

உனக்கு நேராகச் சொல்லவேண்டியது ஒன்றுதான். நீ எங்கள் கல்லூரியில் தீவிலிருந்தே படிக்கும் ஆசிரியர் பட்டயப் படிப்பு இந்த ஜூனோடு முடிகிறது. பட்டயம் இல்லாதவரை ஆகஸ்டுக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று கல்வித்துறை சொல்லிவிட்டதையும், நீ போனால் ஓராசிரியர் பள்ளியான உன் பள்ளியையே மூடிவிடுவார்கள் என்பதையும் நான் மறக்கவில்லை. இந்த மாற்றம் உன் படிப்பைத் தொடாது. நான் இங்கே இருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் அக்கா
ஆனாசேயினி


மோட்டுலேவா, ஹாபாய்,
மார்ச் 21

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் பொருள்களும் பத்திரமாக வந்தன. ஆண்டவர் உங்கள் கையை நிறைவாக வைக்கட்டும். முழங்காலுக்கு லவீனியா காய்ச்சிய தேங்காயெண்ணெயை இந்தப் படகில் அனுப்புகிறாள். கொஞ்சம் சூடாக்கித் தடவவேண்டுமாம். கூடவே காய்ந்த கணவாய் ஒரு கட்டு.

நாங்கள் எல்லோரும் சுகம். பள்ளியில் இந்த ஆண்டு புதிதாக ஒரு பிள்ளை, சேலா என்று பெயர். என் மேசையின் அடியில் உட்கார்ந்துதான் பாடம் கேட்பேன் என்கிறாள். நானும் விட்டுவிட்டேன். அடியிலிருந்தே எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்கிறாள்.

பட்டயத்துக்கான என் கற்பித்தல் பயிற்சிக் கோப்பு முடிந்தது. இரண்டு ஆண்டு வகுப்புகளின் படங்கள், பிள்ளைகளின் எழுத்து, என் குறிப்புகள் எல்லாவற்றையும் நம் தீவிலுள்ள கல்லூரிப் படிப்பு மையத்திலிருந்து கல்லூரிப் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். கடைசிக் கோப்பு ஏறி முடிந்த மறுவாரமே கூரையிலிருந்த தட்டு ஆண்டெனாவின் கால் உப்பில் அரித்து விழுந்துவிட்டது. மையத்துக்கு இப்போது இணைப்பு இல்லை. அதற்குள் ஏறிவிட்டது ஆண்டவர் செயல் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

உங்களுக்கு வேலை மிகுந்திருக்கும் நேரம். என் காரியத்துக்காக நீங்கள் ஒரு நிமிடமும் செலவிட வேண்டாம்.

உங்கள் தம்பி
மானசே


நுகுவாலோஃபா,
ஏப்ரல் 30

அன்புள்ள தம்பி,

உயிர்த்த ஞாயிறு ஆராதனை இங்கே நன்றாக நடந்தது. பாடகர் குழுவில் என்னை இரண்டாம் வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். குரல் இறங்கிவிட்டதாம். எண்ணெய் தடவுகிறேன், முழங்கால் கேட்கிறது. லவீனியாவிடம் சொல். கணவாயை டோமாசியும் ஓஃபாவும் பங்கு கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். மாற்றத்தை நடத்த ஆக்லாந்திலிருந்து கிரெய்க் என்பவர் வந்திருக்கிறார். நேற்றுத் திட்டத்தை விளக்கினார். ஜூலை ஐந்தாம் தேதிக்குள் ஒவ்வொரு மாணவரும் உள்ளே நுழைந்து புதிய கடவுச்சொல் வைக்கவேண்டும். வைக்காதவர்களின் கணக்கைப் பயன்பாட்டில் இல்லாதது என்று பழைய சர்வரிலேயே விட்டுவிடுவார்கள். சர்வரை அணைத்ததும் அதுவும் போய்விடும். நான் கையைத் தூக்கினேன்.

"மோட்டுலேவா மையத்துல இணைப்பே இல்ல. அவங்க எப்படி நுழைவாங்க?"

"அங்க எத்தன பேரு?"

"பதினோரு பேர்."

"பதினோரு பேருக்காக மொத்தத் தேதியையும் தள்ள முடியாதுங்க. பக்கத்துப் பெரிய ஊரு பங்காய்க்குப் படகுல போயி நுழையலாமே."

"நீங்க அந்தப் படகுல போயிருக்கீங்களா?"

டோமாசி என் காலை மேசைக்கடியில் மிதித்தார். வெளியே வந்து, "வெளிநாட்டுக்காரர் முன்னாடி ஏம்மா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற? ஒனக்கு மனசு கேக்கலன்னா நீயே கையால மாத்திக் குடு. நான் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

கையால் மாற்றுவது என்றால், ஒவ்வொருவர் கணக்கையும் நானே திறந்து, கோப்பும் அஞ்சலும் புதிய இடத்துக்கு முழுசாக வந்தனவா என்று பார்த்து உறுதி செய்வது. மெதுவான வேலை. ஆனால் செய்யக்கூடியது. மையத்து மாணவர்களிடம் சொல், யாரும் படகேற வேண்டாம்.

மேசையடியில் இருக்கும் சேலா வெளியே வந்தாளா?

உன் அக்கா
ஆனாசேயினி


மோட்டுலேவா,
மே 29

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உங்களுக்கும் உங்கள் வீட்டுக்கும் சமாதானம். இங்கே எல்லோரும் நலம். சின்னவனுக்கு மட்டும் காதுவலி வந்து போனது.

மையத்து மாணவர்களிடம் உங்கள் செய்தியைப் படித்துக் காட்டினேன். எல்லோருக்கும் நிம்மதி. படகுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தவர்கள் கிழங்கு நடப் போய்விட்டார்கள்.

போன வாரம் கல்வித்துறை அதிகாரி வந்திருந்தார். கரையில் இறங்கும்போது அலை அவர் மரியாதைக்குச் சுற்றியிருந்த இடுப்புப்பாயை நனைத்துவிட்டது, அந்த மனத்தாங்கலோடே வகுப்புக்குள் வந்தார். பிள்ளைகளைப் பார்த்து, "ஒங்க வாத்தியாருக்குப் பட்டயம் இருக்கா?" என்று கேட்டார்.  மேசைக்கடியிலிருந்து ஒரு குரல், "எங்க வாத்தியாருக்குப் படகு இருக்கு" என்றது. அதிகாரியே சிரித்துவிட்டார். போகும்போது என் தோளைத் தட்டி, "ஆகஸ்டுக்குள்ள அந்தக் காகிதத்தக் காட்டிடுங்க வாத்தியாரே. எனக்கும் இந்தப் பள்ளிய மூட ஆச கெடையாது. ஆனா கையெழுத்துப் போடறவன் நானில்ல" என்றார்.

ஜூலைக் கடைசியில் முடிவுகள் வந்துவிடும் என்று சொன்னேன். நீங்கள் இருக்கும்போது எனக்கென்ன.

சேலா இன்னும் வெளியே வரவில்லை.

உங்கள் தம்பி
மானசே


நுகுவாலோஃபா,
ஜூன் 30

அன்புள்ள தம்பி,

இந்தக் கடிதம் சுருக்கமாகத்தான் இருக்கும். ஆண்டவர் கிருபையால் சுகமாயிருக்கிறேன், தூக்கம்தான் போதவில்லை. சின்னவன் காதில் எண்ணெய் விடவேண்டாம் என்று லவீனியாவிடம் சொல். மருத்துவரிடம் காட்டட்டும்.

மையத்துக் கணக்குகளை இந்த வாரம் முழுக்க உட்கார்ந்து மாற்றினேன். பிறர் அஞ்சல் பெட்டிகளைத் திறப்பது விசித்திரமான வேலை. ஒருவர் பெண்ணொருத்திக்கு எழுதி அனுப்பாமலே வைத்திருக்கிறார். இன்னொருவர் தன் நோயைப் பற்றி யாரையோ கேட்டிருக்கிறார். பார்த்தேன், வந்து சேர்ந்தது என்று குறித்தேன், அந்த நொடியே மறந்தேன். அப்படித்தான் செய்யவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உன் பெயர் வந்தபோது கை நின்றுவிட்டது. நம் வழக்கப்படி நீ மீசை அரும்பிய வயதில் பக்கத்துக் குடிலுக்குப் படுக்கப் போனாய். அன்றிலிருந்து உன் பாயைக்கூட நான் தொட்டதில்லை. நீ இருக்கும் அறைக்குள் நான் வந்தால் எழுந்து போய்விடுவாய். இப்போது நான் உன் அஞ்சல் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதா? ஓஃபா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னக்கா, தம்பி யாருக்காவது காதல் கடிதம் எழுதியிருப்பாருன்னு பயமா?"

"வாய மூடுடி. தம்பியோட பெட்டியில அக்கா கை வெக்கலாமா?"

"கூடாதுதான். குடுங்க, நான் பாத்துக்கறேன். நான் அவருக்கு என்ன ஒறவு, ஒண்ணுமில்ல. நாளைக்குக் காலைல மொத வேலை அதுதான்."

அதனால் உன்னுடையது மட்டும் ஓஃபா கையில். வாய் நீளமே தவிர வேலையில் சுத்தம். கவலைப்படாதே.

உன் அக்கா
ஆனாசேயினி


நுகுவாலோஃபா,
ஜூலை 24

அன்புள்ள தம்பி,

நலமாயிருக்கிறீர்களா? சின்னவன் காது ஆறிவிட்டதா? போன இரண்டு படகிலும் உன் கடிதம் வரவில்லை. கடல் மோசமாக இருந்ததாகச் சொன்னார்கள்.

இங்கே மாற்றம் முடிந்துவிட்டது. கல்லூரி முதல்வர் புல்வெளியில் பன்றி சுட்டு விருந்து வைத்தார். கிரெய்க்குக்கு மரியாதையாக ஒரு பாய் போர்த்தினார்கள். எல்லாம் வேகமாகத் திறக்கிறது என்று மாணவர்கள் சந்தோஷப்படுகிறார்கள். டோமாசி எல்லோர் முன்பும் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். நான் எழுந்து நிற்கவேண்டியிருந்தது.

ஓஃபாவின் அத்தை, அவளுடைய அப்பாவின் அக்கா, வவாவு தீவில் இறந்துபோனார். மாதத்தின் முதல் நாள் காலையில் தொலைபேசி வந்ததும் அப்படியே கிளம்பிப் போனாள். அத்தை சாவென்றால் அவள் இடம் உனக்குத் தெரியுமே. இடுப்பில் பெரிய பாயைச் சுற்றிக்கொண்டு, தலைவிரித்து, பின்கட்டில் அடுப்போடு அடுப்பாகக் கிடக்கவேண்டும். இப்போதுதான் திரும்பியிருக்கிறாள். துக்கத்துக்காக முடி வெட்டியிருக்கிறார்கள். பாவமாக இருக்கிறது.

ஒன்று கேட்கவேண்டும் என்றிருந்தேன். உன் பயிற்சிக் கோப்பின் நகல் ஏதாவது உன்னிடமோ மையத்திலோ இருக்கிறதா? அவசரமில்லை. இருந்தால் அடுத்த படகிலேயே, இல்லை, வேறு யாராவது பங்காய் வந்தால் அவர்கள் கையிலேயே கொடுத்தனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
ஆனாசேயினி


மோட்டுலேவா,
ஆகஸ்ட் 8

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

நீங்கள் பாராட்டுப் பெற்ற செய்தியைக் கேட்டு நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். ஞாயிறன்று சபையிலும் சொல்லி நன்றி செலுத்தினோம். ஓஃபா என்னும் அந்தப் பெண்ணின் துக்கத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட நகல் இல்லை, அக்கா. மையத்துக் கணினியில் இடம் குறைவு என்பதால் ஏற்றி முடித்ததும் அழித்துவிட வேண்டும் என்று கல்லூரியின் அறிவிப்பு சுவரில் ஒட்டியிருக்கிறது. அதன்படி செய்தோம். பிள்ளைகளின் எழுத்துத் தாள்களை ஆண்டுக் கடைசியில் அவரவர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அடுப்பு மூட்ட எடுத்திருப்பார்கள்.

முடிவுகள் ரேடியோவில் வந்தன. மையத்தில் மற்றப் பத்துப் பேரும் தேறிவிட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரு விருந்து வைத்தோம். நான்தான் ஜெபம் செய்தேன்.

இங்கே மழை நன்றாகப் பெய்கிறது. உங்கள் முழங்காலுக்கு மறுபடி எண்ணெய் அனுப்பியிருக்கிறோம்.

உங்கள் தம்பி
மானசே


மோட்டுலேவா,
ஆகஸ்ட் 19

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

லவீனியா எழுதுகிறேன். உங்களுக்கு நான் இப்படி எழுதக் கூடாது. என் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தவர் நீங்கள். உங்கள் முன்னால் நான் தரையில் உட்காரவேண்டியவள். இந்தக் கடிதத்தை நீங்கள் கிழித்தாலும் சரி. இதை எழுதியது அவருக்குத் தெரியக் கூடாது, அது ஒன்றைத்தான் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

முடிவுகள் வந்த அன்று அவர் தன் படகிலேயே பங்காய்க்குப் போனார். கடல் மோசமாக இருந்தது. நானும் போனேன், தனியாக விட மனமில்லை. அங்கே நூலகத்துக் கணினியில் உட்கார்ந்து பெயரைப் போட்டார். அப்படி யாரும் இல்லை என்று வந்தது. மறுபடியும் போட்டார். எழுத்து தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துப் போட்டார். நூலகத்துப் பெண், "பூட்டற நேரம் ஆச்சுங்க வாத்தியாரே" என்று சொன்ன பிறகுதான் எழுந்தார்.

திரும்பும் வழியில் நான் கேட்டேன், "ஒங்க அக்காதான எல்லாத்தையும் மாத்துனாங்க? ஒரு வார்த்த கேட்டா என்ன?"

"அக்காவப் பத்திப் பேசாத."

"பத்துப் பேருக்கு வந்திருக்கு. கூடப் பொறந்தவனுக்கு மட்டும் வரல. இத யாருகிட்டத்தான் கேக்கறது?"

"லவீனியா, இந்தப் படகுல இன்னொரு வார்த்த பேசுன, நான் குதிச்சு நீந்திப் போயிடுவேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அண்ணி.

அவர் கேட்க மாட்டார். செத்தாலும் கேட்க மாட்டார். அதனால் நான் கேட்கிறேன். அவர் உங்களுக்கு என்ன செய்தார்? அதிகாரி மாதக் கடைசியில் வருவதாக ரேடியோவில் செய்தி வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குத் தோட்ட வேலைக்கு ஆள் எடுப்பவரும் பங்காயில் வந்து இறங்கியிருக்கிறார். இவர் அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மீன் விற்கப் போனேன் என்றார். படகில் மீனே இல்லை.

ஆண்டவர் உங்களைக் காக்கட்டும்.

லவீனியா


நுகுவாலோஃபா,
செப்டம்பர் 6

அன்புள்ள தம்பி,

நலம் விசாரிக்கும் வார்த்தைகளை எழுதிப் பார்த்தேன், கை கூசுகிறது. நீ சுகமாக இருக்கமாட்டாய். நானும் இல்லை.

புதிய அமைப்பில் நுழைய முடியாமல் கதவைத் தட்டியவர்களின் பெயர் பதிவாகும். பங்காயிலிருந்து உன் பெயர் திரும்பத் திரும்பத் தட்டியிருக்கிறது. அந்தப் பதிவை என் மேசையில் இருந்துகொண்டு பார்த்தேன். கதவுக்கு உட்பக்கம் நிற்பவள்போல் இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். உன் கணக்கு மாறவில்லை. ஓஃபா காலையில் வந்து கணினியை முடுக்கியபோதே சாவுச் செய்தி வந்துவிட்டது. திரும்பி வந்தவளிடம் கேட்டேன்.

"நீங்க பண்ணிருப்பீங்கன்னு நெனச்சேன் அக்கா. நான் போயிட்டேன்னு ஒங்களுக்குத் தெரியும், தேதியும் தெரியும். ஒங்க தம்பியாச்சே, விட்டுருவீங்களா?"

"தம்பிங்கறதாலதான்டி நான் தொடல."

"ஒரு தடவ யாரையாவது கேட்டிருக்கலாமே."

கேட்டிருக்கலாம். அந்த நான்கு நாளும் என்னைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். டோமாசியிடம் சொல்லியிருந்தால் நொடியில் முடித்திருப்பார். கேட்பதுகூட உன் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பதுபோலத் தோன்றியது. ஓஃபா முடித்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டேன். பார்க்காமல் இருப்பதுதான் உனக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தேன். மற்றவர்கள் பெட்டியையெல்லாம் கூச்சமில்லாமல் திறந்தவள் உன்னுடையதுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன். கண் மூடிய இடத்தில் நீ விழுந்துவிட்டாய்.

விருந்து நடந்த வாரமே சர்வரின் வட்டுகளை ஒப்பந்தப்படி சுத்தமாக அழித்துவிட்டார்கள். கிரெய்க்குக்கு எழுதினேன். வருத்தம் தெரிவித்து நல்லவிதமாகப் பதில் எழுதியிருந்தார்.

இதையெல்லாம் ஜூலையிலேயே சொல்லியிருக்க வேண்டும். நகல் இருக்கிறதா என்று நாசூக்காகக் கேட்டேனே, அப்போதே எனக்குத் தெரியும். நகல் கிடைத்துவிட்டால் சொல்லவே வேண்டியிருக்காது என்று ஆசைப்பட்டேன். இல்லை என்று உன் கடிதம் வந்த பிறகும் சும்மா இருந்தேன்.

இப்போது ஒரு வழி கிடைத்திருக்கிறது. முதல்வர் அறை வாசலில் உட்கார்ந்து உட்கார்ந்து வாங்கியது. உன் பழைய மதிப்பெண்கள் தனிப் பட்டியலில் பிழைத்திருக்கின்றன. பயிற்சிக் கோப்புக்குப் பதிலாக, உன் வகுப்பில் நீ நடத்தும் மூன்று பாடங்களை நேரில் வந்து பார்த்து மதிப்பிடச் சம்மதித்திருக்கிறார்கள். தேர்வாளர் நவம்பர் கடைசியில் உன் தீவுக்கே வருவார். கல்வித்துறைக்கும் கல்லூரியே எழுதும். பிள்ளைகளோடு உன் வகுப்பில் நின்றால் போதும். அதை மட்டும் செய்.

இன்னொன்றும் கேட்கிறேன். என்னைத் திட்டி எழுது. ஒரே ஒரு வரி போதும். உன் கடிதங்களை மறுபடி மறுபடி படித்தேன், எதிலும் ஒரு முள் இல்லை. எண்ணெய் அனுப்பியிருக்கிறாய். பிறந்ததிலிருந்து என் முன்னால் நீ குரல் உயர்த்தியதில்லை, அது நம் வழக்கம், தெரியும். இந்த ஒரு தடவை வழக்கத்தை விட்டுவிடு. மரியாதை போதும், மானசே. என்னால் தாங்க முடியவில்லை.

அக்கா


குயின்ஸ்லாந்து,
நவம்பர் 3

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

கடல் கடந்த இடத்திலும் நம்மைக் காக்கும் ஆண்டவருக்கு நன்றி. நான் சுகமாயிருக்கிறேன். நீங்களும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். உங்கள் செப்டம்பர் மாதக் கடிதம் மோட்டுலேவா போய், அங்கிருந்து பங்காய் போய், லவீனியா கையிலிருந்து நம் ஆள் ஒருவரிடம் சேர்ந்து, போன வாரம்தான் எனக்குக் கிடைத்தது.

நீங்கள் முதல்வர் அறை வாசலில் உட்கார்ந்தீர்கள் என்று படித்தபோது மிகவும் வேதனைப்பட்டேன். எனக்காக நீங்கள் யார் வாசலிலும் உட்கார்ந்திருக்கக் கூடாது.

அந்தக் கடிதம் படகில் வந்துகொண்டிருந்த வாரத்திலேயே பள்ளியை மூடிவிட்டார்கள். அதிகாரி நல்ல மனிதர், தானே வந்து பிள்ளைகளிடம் பேசினார். பிள்ளைகளைப் பங்காய்ப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். சின்னவர்களை அங்கே தனியாக விட முடியாது என்று தாய்மாரும் போனார்கள். பிறகு தகப்பன்மாரும். லவீனியாவும் நம் பிள்ளைகளும் அங்கேதான், அவள் தங்கை வீட்டில். தீவில் இப்போது வயதானவர்கள் சிலர் இருக்கிறார்கள். அதனால் தேர்வாளரை அனுப்பவேண்டாம் என்று சொல்லுங்கள். வந்தால் காட்ட வகுப்பு இல்லை. அவருக்கும் வீண் அலைச்சல்.

இங்கே தக்காளி பறிக்கிறோம். நம் ஆட்கள் எட்டுப் பேர் ஒரே வீட்டில் தங்கியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பாடுகிறோம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி வேலியருகில் வந்து நின்று கேட்பார். மேற்பார்வையாளருக்கு நான் ஆசிரியராக இருந்தது தெரியாது. மெதுவாகப் பறிக்கிறேன் என்று சொல்கிறார், உண்மைதான். விரல் இன்னும் பழகவில்லை.

நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியை எழுதலாம் என்று இரண்டு ஞாயிறு உட்கார்ந்தேன், அக்கா. நீங்கள் கேட்டு நான் எதையும் தராமல் இருந்ததில்லை. உங்களிடம் சொல்லக்கூடிய அப்படியொரு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன். மன்னியுங்கள்.

வேலைக்கு வந்த நேரம், போன நேரம் எல்லாம் இங்கே கைபேசியில்தான் பதிய வேண்டும். அடுத்த மாதம் அதையும் மாற்றுகிறார்களாம், எல்லோரும் புதிதாகப் பதிந்துகொள்ள வேண்டும் என்றார்கள். மற்றவர்களுக்குப் பழக்கமில்லாததால் எட்டுப் பேருக்கும் நானே உட்கார்ந்து பதிந்தேன். ஆபத்து வந்தால் யாருக்குச் சொல்லவேண்டும் என்று ஓரிடத்தில் கேட்டது. இதுவரை எங்கே கேட்டாலும் உங்கள் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். இந்த முறை லவீனியாவின் பெயரைப் போட்டேன். பங்காயில் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது. வேறொன்றும் இல்லை. நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி
மானசே